ஐந்தாவது சைக்கிள்

"உங்க வீட்டு நடையில இடம் இருக்குதா, ரேணு?"

"எதுக்கு மாமா?"

"மேல பாரு."

மாகறலில் மாமா முருகேசனின் மாட்டுக்கொட்டகையில் நடந்த பேச்சு அது. ரேணு அண்ணாந்து பார்த்தாள். உத்தரத்தில் கயிறு கட்டி ஒரு சைக்கிளைத் தொங்கவிட்டிருந்தார் மாமா. பச்சை நிறம். குறுக்குக் கம்பி இல்லாத, பெண்கள் ஓட்டும் சைக்கிள். அந்த விடுமுறையில் ரேணு ஓட்டக் கற்றுக்கொண்டது அதில்தான். முழங்கால் இரண்டிலும் அதற்கு அடையாளம் இருந்தது.

"பொன்னி ஓட்டினது. அவ கல்யாணம் ஆகிப் போயிட்டா. பக்கத்து வீட்டுக் கலியன் வந்து வந்து கேக்குறான், எனக்குக் குடுன்னு. உனக்குப் பள்ளிக்கூடம் தூரம். வைக்க இடம் இருந்தா சொல்லு, பஸ்ஸு மேல ஏத்தி அனுப்புறேன். ஆனா தீபாவளிக்குள்ள சொல்லிடணும்பா. அதுக்கு மேல அவனை நிறுத்தி வைக்க முடியாது."

"கண்டிப்பா சொல்றேன் மாமா."

அது கோடை விடுமுறை. இப்போது ஆயுத பூஜையே வந்துவிட்டது. ரேணு இன்னும் வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

திறக்காததற்குக் காரணம் அந்த நடைதான்.

பெரிய காஞ்சிபுரத்தில், காமாட்சியம்மன் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடு இருந்தது. தெருவில் ஒரே கதவு. உள்ளே நான்கு குடித்தனம். கதவைத் திறந்ததும் கிணற்றடி வரை நீளமாக ஒரு நடை. நான்கு குடித்தனத்துக்கும் அதுதான் வழி. நான்கு குடித்தனத்தின் சைக்கிளுக்கும் அதுதான் இடம்.

ரேணுவின் அப்பா கலியாணசுந்தரம் தாலுகா ஆபீஸில் குமாஸ்தா. அடுத்த பகுதியில் பஸ் கண்டக்டர் தேவசகாயம். அதற்கடுத்து பட்டு நெய்யும் வேலாயுதம். கடைசிப் பகுதியில் நர்ஸ் கமலவேணி. ஆளுக்கொரு சைக்கிள். ஒன்று சுவரில் சாய்ந்திருக்கும். அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னொன்று. அதன் மேலும் இன்னொன்று. கிணற்றிலிருந்து குடத்தோடு வருகிறவர்கள் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க முடியும்.

சுவரோரம் நிற்கும் சைக்கிள் வேண்டுமென்றால் மற்ற மூன்றையும் நகர்த்த வேண்டும். உருட்டி நகர்த்தினால் பெரிய வேலையில்லை. ஆனால் நான்கும் பூட்டியிருக்கும். பூட்டிய சைக்கிள் உருளாது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்தால் இதன் பெடல் அதன் கம்பிக்குள் மாட்டும். அதன் ஹேண்டில்பார் இதன் பிரேக்கைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்.

"யாரது, என் வண்டியைத் தொடறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேணுவின் அப்பா இதற்கு ஒரு திட்டம் போட்டார். முதலில் கிளம்புகிறவர் சைக்கிள் வெளியே, கடைசியில் கிளம்புகிறவர் சைக்கிள் சுவரோரம். யாருக்கு அடுத்து யார் என்று சாக்கட்டியால் சுவரில் எழுதியும் வைத்தார். எல்லோரும் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள்.

திட்டம் மூன்று நாள் நடந்தது. நான்காம் நாள் தேவசகாயத்துக்கு டூட்டி மாறியது. அடுத்த நாள் அமாவாசை. தறிக்கு லீவு. மாதமெல்லாம் வீட்டிலேயே இருக்கும் வேலாயுதம் அன்றைக்கென்று விடியற்காலையில் வெளியே கிளம்பினார். நர்ஸ் கமலவேணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். காஞ்சிபுரத்தில் குழந்தைகள் சாக்கட்டிக் கணக்குப் பார்த்துப் பிறப்பதில்லை.

அந்த வாரக் கடைசியில் தேவசகாயம் அவசரமாகத் தன் சைக்கிளை இழுத்தார். கலியாணசுந்தரத்தின் சைக்கிளில் இரண்டு கம்பிகள் ஒடிந்தன.

"டிக்கெட் கிழிக்கிற மாதிரியே சைக்கிளையும் கிழிச்சுட்டீங்களே" என்றார் கலியாணசுந்தரம்.

"உங்க ஆபீஸ் ஃபைல் மாதிரியே உங்க வண்டியும் இருக்குது சார். வெச்ச இடத்தை விட்டு நகரவே மாட்டேங்குது" என்றார் தேவசகாயம்.

அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. நர்ஸும் வேலாயுதமும் பேசிக்கொண்டார்கள். ஆனால் சைக்கிளைப் பற்றிப் பேசவில்லை.

அன்று சாப்பிடும்போது அப்பா சொன்னார். "நாலு சைக்கிளுக்கே இந்தப் பாடு. அஞ்சாவதா ஒண்ணை யாராவது இங்க கொண்டாந்து வெச்சா, நான் வீட்டையே காலி பண்ணிக்கினு போயிடுவேன்."

ரேணுவுக்குப் புரையேறியது.

"மெதுவா சாப்பிடு" என்று அம்மா நீலாம்பாள் தலையில் தட்டினாள்.

அஞ்சாவது சைக்கிள் வர வேண்டுமென்றால் முதல் நான்கும் சண்டையில்லாமல் நிற்க வேண்டும். அது ரேணுவுக்குத் தெளிவாகத் தெரிந்தது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. தெருக்கதவை ராத்திரியில் கட்டை போட்டுத் தாழிடுகிறார்கள். பகலில் நடையில் யாராவது இருந்துகொண்டே இருக்கிறார்கள். திருடன் வர வழியே இல்லை. அப்புறம் எதற்கு இந்தப் பூட்டு?

முதலில் அப்பாவைக் கேட்டாள்.

"கண்டக்டர் பூட்டுறாரு இல்லே? அவர் பூட்டும்போது நான் மட்டும் திறந்து வைக்கணுமா?"

கண்டக்டரைக் கேட்டாள்.

"நர்ஸம்மா பூட்டுறாங்கம்மா. எனக்கு மட்டும் வண்டி சும்மாவா வந்துது?"

நர்ஸைக் கேட்டாள்.

"வேலாயுதம் அண்ணன் பூட்டுறாரே. அவர் வண்டி வெளியிலேயே போறதில்லை. அதையே பூட்டுறாருன்னா ஏதோ காரணம் இருக்கும்னுதான் நானும் பூட்டுறேன்."

வேலாயுதம் தறியை நிறுத்தாமலே பதில் சொன்னார். "உங்க அப்பாதான் முதல்ல பூட்டினாரு. படிச்சவரு செஞ்சா சரியாத்தான் இருக்கும்."

ரேணு திரும்பவும் அப்பாவிடம் வந்தாள். "நீங்கதான் முதல்ல பூட்டினீங்களாம்."

அப்பா ஒத்துக்கொண்டார். "பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில சைக்கிள் வாங்கினப்போ, பூட்டை இனாமா குடுத்தான். குடுத்ததை என்ன பண்றது? பூட்டினேன்."

ஆயுத பூஜை அன்று காலையிலிருந்தே வீடு முழுக்க ஈரம். வேலாயுதம் தறியைத் துடைத்துச் சந்தனம் பூசினார். கமலவேணி தன் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பளபளவென்று தேய்த்தாள். தேவசகாயம் பஸ்ஸுக்குப் போட்ட பூஜையை முடித்துக்கொண்டு மத்தியானம் வந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுத பூஜையில் அவர் சைக்கிளுக்கும் சந்தனம் உண்டு. அவருக்கும் பொரி உண்டு.

நான்கு சைக்கிளையும் கழுவி, எண்ணெய் போட்டுத் துடைத்து, பொட்டு வைத்து, செவ்வந்திப்பூ சுற்றினாள் ரேணு. முதலில் கழுவியது தேவசகாயத்தின் சைக்கிள். அது சுவரோரம் போனது. அதன் மேல் வேலாயுதத்தின் சைக்கிள், அதன் மேல் அப்பாவுடையது, கடைசியாக நர்ஸுடையது.

ரேணுவின் வீட்டுக் கூடத்தில் பூஜை. அவளுடைய புத்தகங்களை அடுக்கி, மேலே அப்பாவின் பேனாவை வைத்தாயிற்று. அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஒரு பித்தளைத் தட்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் சாவி கேட்கக் கிளம்பினாள்.

"சாவி எதுக்குடி?" என்றாள் அம்மா.

"சைக்கிளை உள்ளே கொண்டாந்து பூஜையில வைக்க முடியாதே. சாவியாவது வைக்கலாம் இல்லே?"

வேலாயுதம் சிரித்துக்கொண்டே கொடுத்தார். "நீ வக்கீலா வருவே." அவர் சாவியில் ஒரு துண்டு ஜரிகை நூல் கட்டியிருந்தது. நர்ஸின் சாவியில் காயத்துக்குக் கட்டும் துணி. தேவசகாயத்தின் சாவியில் சிவப்புக் கம்பளி நூல். அப்பாவுடையதில் ஒரு கறுப்புக் கயிறு.

தேவசகாயம் தன் வாசலில் நின்றபடி, உள்ளே இருக்கும் கலியாணசுந்தரத்துக்குக் கேட்கும்படி சொன்னார். "நாளைக்கு எனக்கு லீவும்மா. சாவி மெதுவாவே வரட்டும். பொரியை மட்டும் சீக்கிரம் குடுக்கச் சொல்லு."

கலியாணசுந்தரம் உள்ளேயிருந்து சொன்னார். "பொரி நிறைய இருக்குது, வயிறு நிறையச் சாப்பிடச் சொல்லு, ரேணு."

இரண்டு பேருக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இல்லை. ரேணு இருவரையும் பார்த்தாள். இருவரும் அவளைப் பார்த்தார்கள். யாருக்கும் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

சாவிகளைக் கட்டியிருந்த கயிறும் நூலும் அழுக்காக இருந்தன. சாமி முன்னால் அழுக்கை வைப்பதா? ரேணு நான்கையும் அவிழ்த்து எறிந்தாள். புளி போட்டுத் தேய்த்ததில் சாவிகள் மின்னின. வரிசையாகத் தட்டில் வைத்துக் குங்குமம் இட்டாள். மிகவும் அழகாக இருந்தது.

பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி. காலையில் திரும்பவும் விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, புத்தகத்தில் ஒரு வரியாவது படித்த பிறகுதான் எதையும் எடுக்கலாம். அப்பா பஞ்சாங்கத்தைப் பார்த்து எட்டு மணிக்கு என்று நேரம் குறித்தார்.

விடியற்காலையில் நடையில் தடாலென்று ஒரு சத்தம். ரேணு விழித்துக்கொண்டாள். அப்பா புரண்டு படுத்தார். அம்மா வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கப் போயிருந்தாள். ரேணு எழுந்து ஓடினாள்.

நடையில் தேவசகாயம் காக்கி உடுப்போடு நின்றிருந்தார். ஒரு கையில் நர்ஸின் சைக்கிளைத் தூக்கிப் பிடித்திருந்தார். அப்பாவின் சைக்கிள் அவர் இடுப்பில் சாய்ந்திருந்தது. செவ்வந்திப்பூ ஒன்று அவர் தொப்பியில் ஒட்டியிருந்தது.

"மாமா, உங்களுக்கு லீவு இல்லே?"

"இருந்துதும்மா. நேத்து ராத்திரி கம்பெனி ஆளு வந்துட்டுப் போனான். முதல் பஸ்ஸு கண்டக்டருக்குக் காய்ச்சலாம். ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு. இன்னிக்கும் போனேன்னா வேற ஊருக்குத் தூக்கிப் போட்டுடுவாங்க."

"ராத்திரியே அப்பாகிட்ட சாவி கேட்டிருக்கலாமே."

"வந்தேன். வாசல் வரைக்கும் வந்து நின்னேன். உங்க அப்பா பேப்பர் படிச்சுக்கினு இருந்தாரு. நானும் ரெண்டு தடவை இருமினேன். அவரும் ரெண்டு தடவை பக்கத்தைத் திருப்பினாரு. அப்படியே போயிட்டேன்."

பூட்டிய நான்கு சைக்கிள்கள். நான்கு சாவியும் சாமி முன்னால். சாவியைக் கேட்டு வாங்கி வைத்தவள் ரேணுதான். சண்டை தீர வேண்டும் என்று அவள் காத்திருக்க, இன்னொரு சண்டைக்கு அவளே வழி செய்து வைத்திருந்தாள். அப்பா எழுந்து வந்து இவரைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்வார். இவர் ஒன்று சொல்வார். அப்புறம் மாகறல் சைக்கிள் கலியனுக்குத்தான்.

வாசலில் கோலம் போட உட்கார்ந்த அம்மாவிடம் ஓடினாள். "அம்மா, சாவியை எடுக்கணும். கண்டக்டர் மாமா போகணும். அப்பா எட்டு மணின்னு சொல்லியிருக்காரு."

நீலாம்பாள் தேவசகாயத்தைப் பார்த்தாள். அவர் இடுப்பில் சாய்ந்திருந்த சைக்கிளைப் பார்த்தாள்.

"காலையில விளக்கேத்தணும். அவ்வளவுதானே? இதுவும் காலைதான். நேரம் பாக்கிறது உங்க அப்பா. விளக்கு ஏத்துறது நான். போய் ரெண்டு குடம் தண்ணி ஊத்திக்கினு வா."

கிணற்றுத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தது. பல் தந்தியடிக்க ரேணு வந்து நின்றாள். அம்மா விளக்கேற்றினாள், கற்பூரம் காட்டினாள். ரேணு மேலே இருந்த புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்தாள். பூகோளம்.

"தமிழ்நாட்டுக்கு மழை தருபவை இரண்டு பருவக்காற்றுகள்" என்று ஒரே மூச்சில் படித்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தட்டோடு ஓடினாள்.

கைக்கு வந்த சாவியை எடுத்து நர்ஸின் சைக்கிளைத் திறந்தாள். திறந்தது. தேவசகாயம் அதை உருட்டித் தெருவில் நிறுத்தினார். அடுத்த சாவியை எடுத்து அப்பாவின் சைக்கிளைத் திறந்தாள். அதுவும் திறந்தது. மூன்றாவது சாவியில் வேலாயுதத்தின் சைக்கிள். நான்காவதில் தேவசகாயத்தின் சைக்கிள்.

தேவசகாயம் ஏறப் போனவர் நின்றார். "நூலெல்லாம் அவுத்துட்டே போலிருக்குதே. எது யாருதுன்னு எப்படிக் கண்டுபுடிச்சே?"

ரேணு யோசித்தாள். "கண்டுபிடிக்கலே மாமா. கையில வந்ததைப் போட்டேன்."

"நாலும் முதல் தடவையே சரியா வந்துதா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தேவசகாயம் தன் சைக்கிளையும் அப்பாவுடையதையும் மறுபடியும் பூட்டி, தன் சாவியை எடுத்து, அப்பாவின் பூட்டில் போட்டார். திறந்தது. அப்பாவின் சாவியைத் தன் பூட்டில் போட்டார். திறந்தது. நர்ஸின் சாவியை எடுத்தார். அதுவும் திறந்தது.

"நாங்க நாலு பேரும் வாங்கினது பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையிலதான். அந்தக் கடைக்காரன் எல்லாருக்கும் ஒரே பூட்டைத்தான் குடுத்திருக்கான்" என்றார் தேவசகாயம். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இத்தனை வருஷமா இதைப் பூட்டிக்கினு, பூட்டினேனா இல்லையான்னு திரும்பி வந்து வேற பாத்துக்கினு இருந்தேன்."

"மாமா, பஸ்."

"ஆமாம் ஆமாம்" என்று தாவி ஏறிப் போனார்.

தெருவில் மூன்று சைக்கிள்கள் நின்றன. ரேணு ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு வந்தாள். வேலாயுதத்தின் சைக்கிளை எப்போதும்போல் முன்சக்கரம் உள்ளே போகும்படி தள்ளிச் சுவரில் சாய்த்தாள். அப்பாவின் சைக்கிள் தெருவில் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றது. கனமான சைக்கிள். அதைத் திருப்ப அவளால் முடியவில்லை. அதனால் பின்பக்கமாகவே உள்ளே தள்ளினாள்.

சாய்த்துவிட்டுப் பார்த்தாள். இதன் ஹேண்டில்பார் அந்தப் பக்கம், அதன் ஹேண்டில்பார் இந்தப் பக்கம். ஒன்றோடொன்று மோதவில்லை. இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. ரேணு நர்ஸின் சைக்கிளை முன்பக்கமாக உள்ளே விட்டாள். அதுவும் ஒட்டிக்கொண்டது. அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு மூன்றையும் பூட்டி, சாவிகளைத் தட்டில் வைத்துவிட்டு, ஈரத்தலையைத் துவட்டப் போனாள்.

எட்டு மணிக்கு அப்பா குளித்து, விபூதி பூசி வந்தார். தட்டைப் பார்த்தார்.

"நாலு சாவி வெச்சோம். மூணுதானே இருக்குது?"

சாவி வாங்க வந்த வேலாயுதமும் கமலவேணியும் வாசலில் நின்றார்கள். மறைக்க இடமில்லை. ரேணு எல்லாவற்றையும் சொன்னாள். தேவசகாயம் இருமியதையும், அப்பா பக்கம் திருப்பியதையும்கூடச் சொன்னாள்.

அப்பாவின் முகம் சிவந்தது. "எட்டு மணின்னு நான் நேரம் குறிச்சேன்."

"இப்போ எட்டு மணிதான். இன்னொரு தடவை கும்பிடுங்க. ரெண்டு தடவை கும்பிட்டா சாமி கோவிச்சுக்குமா?" என்றாள் நீலாம்பாள்.

அப்பா திரும்பவும் கற்பூரத்தை ஏற்றினார். இன்னொரு தடவை கும்பிட்டார்.

பிறகு சாவி எடுக்கும் நேரம் வந்தது. வேலாயுதம் ஒன்றை எடுத்தார். "இது என்னுது. நுனியில லேசா தேஞ்சிருக்குது பாரு."

"அது என்னுது அண்ணே. எனக்கு என் சாவி தெரியாதா?" என்றாள் கமலவேணி.

"ரெண்டு பேரும் இருங்க. சாவி மேல இருக்கிற எழுத்தைப் பாத்தா தெரிஞ்சுடும்" என்று அப்பா கண்ணாடியை மாட்டினார்.

"எதை வேணும்னாலும் எடுத்துக்குங்க. எல்லாம் எல்லாத்துக்கும் சேரும்" என்றாள் ரேணு.

யாரும் நம்பவில்லை. மூவரும் நடைக்குப் போனார்கள். பூட்டுவதும் திறப்பதுமாகக் கொஞ்ச நேரம் கடக் கடக் என்று சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

முதலில் சிரித்தவள் கமலவேணி. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்போ நான் நினைச்சிருந்தா சார் வண்டியை எடுத்துக்கினு மெட்ராஸுக்கே போயிருக்கலாம்" என்றார் வேலாயுதம்.

"ஏன் போகலே?" என்றார் அப்பா, விறைப்பாக.

"அங்க எனக்கு இன்னா வேலை இருக்குது?"

அப்பாவின் மீசை அசைந்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று ரேணுவுக்குத் தெரிந்தது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். ஆனால் நடையில் காலியாக இருந்த தேவசகாயத்தின் இடத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"வாசல் வரைக்கும் வந்தாராமா?" என்று ரேணுவைக் கேட்டார்.

"ஆமாப்பா."

"இருமினது கேட்டுது" என்றார் அப்பா.

சாயங்காலம் தேவசகாயம் வந்தபோது எல்லோரும் நடைப் பக்கம் இருந்தார்கள். யாரும் காத்திருக்கவில்லை, ஆளுக்கொரு வேலையாக இருந்தார்கள். அப்பா துடைத்த சைக்கிளையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.

துடைத்தபடியே கேட்டார். "முதல் பஸ் கிடைச்சுதா?"

ரேணு பழக்கத்தில் தேவசகாயத்திடம் திரும்பினாள், செய்தி சொல்ல. அதற்குள் அவரே பதில் சொன்னார். "கிடைச்சுது சார். நேரத்துக்குப் போயிட்டேன். சார், அன்னிக்கு அந்தக் கம்பி... நான் பாத்து இழுத்திருக்கணும்."

"பூட்டிட்டுப் போனது நான்தானே" என்றார் அப்பா. "நீங்க ராத்திரியிலே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"நீங்க ஒரு தடவை தலையைத் தூக்கியிருக்கலாம்."

"சரி. ரெண்டு பேரும் செஞ்சிருக்கலாம்" என்றாள் கமலவேணி. "இனிமே நடைக்குள்ள யாரும் பூட்ட வேணாம். சாவி பூட்டிலேயே இருக்கட்டும். வேண்டியவங்க உருட்டி நகர்த்திட்டு, தன்னுதை எடுத்துக்கினு போகட்டும்."

"அதான் சரி" என்றார் வேலாயுதம். "பூட்டினாலும் ஒண்ணுதான், பூட்டாட்டாலும் ஒண்ணுதான்."

தேவசகாயம் தன் சைக்கிளை உள்ளே தள்ளினார். ரேணு குறுக்கே வந்து நின்றாள். "அப்படி வேணாம் மாமா. பின்பக்கமா தள்ளுங்க. உங்க ஹேண்டில்பார் தெருப்பக்கம் இருக்கணும்."

"எதுக்கும்மா?"

"தள்ளிப் பாருங்களேன்."

தள்ளினார். சைக்கிள் போய் மற்ற மூன்றோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு பெடல்கூட வெளியே துருத்தவில்லை.

கிணற்றடியிலிருந்து நீலாம்பாள் இடுப்பில் குடத்தோடு வந்தாள். நடையின் பாதியில் சட்டென்று நின்றாள்.

"இன்னாங்க இது? நான் நேரா நடந்து வர்றேன்."

எல்லோரும் பார்த்தார்கள். அவள் நேராகத்தான் நின்றிருந்தாள். வேலாயுதம் சைக்கிள்களுக்கு இந்தப் பக்கம் வந்து, கையை நீட்டி எதிர்ச்சுவரைத் தொட்டுப் பார்த்தார். "இன்னும் ஒண்ணு நிக்கும் போலிருக்குதே."

"நிக்கும். நின்னாலும் குடத்தோட போகலாம்" என்றாள் கமலவேணி.

"யாரு இப்படி வெச்சது?" என்றார் அப்பா.

"உங்க பொண்ணுதான். விடியற்காலையில ஒண்டியா வெச்சிருக்கா" என்றாள் நீலாம்பாள்.

அப்பா சைக்கிள்களைப் பார்த்தார். சுவரில் பாதி அழிந்திருந்த தன் சாக்கட்டி எழுத்தையும் பார்த்தார். துணியை எடுத்து அந்த எழுத்தைத் துடைத்துவிட்டார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா இவ்வளவு இடத்தைச் சும்மா விட்டா, யாராவது விறகைக் கொண்டாந்து போட்டுடுவாங்களே."

ரேணு முன்னால் வந்து நின்றாள். கோடையிலிருந்து மனத்துக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். அதில் ஒன்றுகூட இப்போது வாய்க்கு வரவில்லை. பெரியவர்கள் ஐந்து பேரும் அங்கே நின்றார்கள். அவள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, மாகறல்ல மாமா வீட்டுல பச்சையா ஒரு சைக்கிள் இருக்குது. நான் நல்லா ஓட்டுவேன். அதைக் கொண்டாந்து இங்க வெச்சுக்கட்டுமா?"